முப்பத்து மூன்று வயதுக் கப்பலில் ஐந்து இரவுகள்

‘எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு மகன் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டப் போகிறேன் என்கிறான். பழைய கப்பல், சின்னக் கப்பல் என்று சொல்கிறார்கள். இவருக்கு மூட்டு வலி, எனக்குப் பஸ்ஸில் போனாலே குமட்டல். வீட்டில் நாலு மாடு. போகலாமா?’ என்று அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருவது மாவுப்பூச்சி, மஞ்சள் தேமல், மண் பரிசோதனை பற்றிய கேள்விகள்தான். ஆனால் 2023 ஆகஸ்டில் நானும் என் மனைவியும் அதே மாதிரிக் கப்பலில் சென்னையிலிருந்து இலங்கை போய் வந்தோம் என்பதால், இந்தக் கேள்வியை என்னிடமே அனுப்பிவிட்டார்கள். அரசு ஊழியன் வெளிநாடு போகத் துறையின் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கோப்பு நகர்ந்த கதையை விட்டுவிட்டு நேராகக் கப்பலுக்கு வருகிறேன்.

கப்பலின் பெயர் ‘எம்பிரஸ்’. 1990-ல் பிரான்ஸ் நாட்டின் சான் நசேர் துறைமுக நகரில் கட்டப்பட்டது. முதலில் ‘நார்டிக் எம்பிரஸ்’, பிறகு ‘எம்பிரஸ் ஆஃப் தி சீஸ்’ என்ற பெயர்களில் அமெரிக்கப் பக்கம் ஓடியது. நடுவில் சில வருடங்கள் ஸ்பெயின் நாட்டுக் கம்பெனியிடம் இருந்தது. 2021-லிருந்து ‘கார்டீலியா’ என்ற கம்பெனியின் பெயரில் நம் கடலில் ஓடுகிறது. நாங்கள் ஏறியபோது அதற்கு 33 வயது. என் வேலைக் காலத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

‘சின்னக் கப்பல்’ என்றதும் பரிசல் அளவுக்கு யாரும் கற்பனை செய்ய வேண்டாம். நீளம் சுமார் 210 மீட்டர், 11 தளங்கள், 800-க்குச் சற்றுக் குறைவான அறைகள். 48,500 டன் என்று சொல்வார்கள். இந்த டன் எடை அல்ல, கப்பலுக்குள் மூடிய இடம் எவ்வளவு என்பதன் அளவு. அந்தக் கணக்கில் இது டைட்டானிக் கப்பலுக்கு ஏறக்குறைய சமம். ஆனால் 2024-ல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ இதைப்போல் ஐந்து மடங்கு. அதனோடு ஒப்பிட்டுத்தான் இது சின்னது.

பழைய கப்பல் என்றால் பாதுகாப்பு எப்படி என்பதுதான் எல்லோருக்கும் முதல் பயம். உழவர்களுக்குச் சுலபமாக விளங்கும்படி சொல்கிறேன். இருபது வருட டிராக்டர் ஒன்று, காலாகாலத்தில் ஆயில் மாற்றி, கிளட்ச் பார்த்து, ஷெட்டில் நிறுத்தப்பட்டிருந்தால் நேற்று வாங்கிக் கண்டபடி ஓட்டிய டிராக்டரைவிட நம்பிக்கையானது. கப்பலும் அப்படித்தான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை முடித்துச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஐந்து வருடத்துக்குள் அடிப்பாகத்தை இரண்டு முறை பார்த்தாக வேண்டும். வயது கூடக்கூடச் சோதனையும் கூடும். தீப்பிடிக்கும் பொருட்களை வைத்துக் கட்டிய மிகப் பழைய பயணிகள் கப்பல்கள் 2010-ல் வந்த சர்வதேச விதியால் ஒதுங்க வேண்டியதாயிற்று. ஆகவே வயதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

வயது தெரிவது வேறு இடங்களில். அறைதான் முதலாவது. அந்தக் காலத்தில் கப்பல் கட்டியவர்கள், பயணி அறையில் தூங்க மட்டும்தான் வருவார் என்று நினைத்தார்கள். சன்னல் இல்லாத உள் அறை ஏறக்குறைய 120 சதுர அடி. நம் வீடுகளில் நெல் மூட்டை அடுக்கும் அறை அளவு. கட்டிலைச் சுற்றி ஒருவர் நடந்தால் இன்னொருவர் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கழிவறையும் குளியலும் ஒரே சின்ன இடத்தில். வாசற்படி உயரமாக இருக்கும். மூட்டு வலி உள்ளவர் காலைத் தூக்கி வைக்கப் பழக வேண்டும். கழிவறையில் பட்டனை அழுத்தினால் காற்றழுத்தத்தால் ‘உர்ர்’ என்று ஒரு சத்தம் போட்டு உறிஞ்சும். என் மனைவி முதல் நாள் வெளியே ஓடி வந்துவிட்டார். புதிய கப்பல்களில் பாதிக்கு மேல் அறைகளுக்குப் பால்கனி இருக்கும். இதில் மிகச் சில அறைகளுக்கே உண்டு. பால்கனி இல்லாதது எங்களுக்குக் குறையாகத் தெரியவில்லை. மேல்தளத்துக்குப் போனால் கடல் எல்லோருக்கும் பொதுதான்.

ஒரே அறையில் நாலு பேர் என்று குறைந்த கட்டணம் சொன்னால் கவனியுங்கள். மூன்றாவது, நாலாவது படுக்கை சுவரிலிருந்து இறங்கும், ரயிலின் மேல் பர்த் மாதிரி. ஏணியில் ஏற வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் இரண்டு பேருக்கு ஒரு அறை எடுப்பதே சரி.

வாசகி கேட்ட குமட்டல் விஷயத்துக்கு அறை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். கப்பல் இரண்டு விதமாக ஆடும். பக்கவாட்டில் உருளும் ஆட்டத்தைக் குறைக்க, தண்ணீருக்கு அடியில் இரண்டு பக்கமும் மீன் செவுள் மாதிரி துடுப்புகள் உண்டு. முன்னும் பின்னும் தூக்கிப் போடும் ஆட்டத்தை அவை தடுக்காது. ஏற்றம் பலகையில் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். நுனியில் இருப்பவனுக்குத்தான் ஆட்டம் அதிகம், நடுவில் இருப்பவனுக்கு அசைவே தெரியாது. அதே கணக்குதான். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். கட்டணமும் அங்கேதான் குறைவு. பின்பக்கம் போனால் எஞ்சின் அதிர்வு தெரியும். எங்களுக்கு அது ரைஸ்மில்லுக்குப் பக்கத்து வீட்டில் படுத்தது மாதிரி இருந்தது. இரண்டாம் இரவு பழகிவிட்டது.

மாதத்தையும் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடற்கரையைப் போட்டு உலுக்கும். அதனால்தான் 2022-லும் 2023-லும் இந்தக் கப்பல் அந்த மாதங்களில் சென்னைப் பக்கம் வந்தது. வங்கக் கடல் அப்போது ஓரளவு அமைதி. ஆனால் இலங்கையின் தென்முனையைச் சுற்றும்போது அந்தக் காற்று நேராக வந்து மோதும். சென்னையிலிருந்து கிளம்பி ஒரு நாள் முழுக்கக் குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்த கடல், இரண்டாம் இரவு அம்பாந்தோட்டையை நெருங்கும்போது குணம் மாறியது. மேசையில் இருந்த டம்ளர் தானாக நகர்ந்தது. அன்று இரவு சாப்பாட்டுக் கூடத்தில் பாதிப் பேர் இல்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் பக்கம் புயல் மாதம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பயணக் குமட்டலுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரை வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இல்லை, முன்னாலேயே போட வேண்டும். ஆனால் கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு, வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். உள்ளே படுத்துக் கிடக்காமல் மேலே வந்து தொலைவில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். என் மனைவி சுக்கும் காய்ந்த நாரத்தையும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். பக்கத்து அறை குஜராத்தி அம்மாளுக்கும் அதுதான் உதவியது.

ஏறும் நாள் பொறுமை வேண்டும். துறைமுகத்தில் பை சோதனை, குடியுரிமைச் சோதனை, அட்டை கொடுக்கும் இடம் என்று வரிசை மேல் வரிசை. இரண்டு மூன்று மணி நேரம் நிற்கத் தயாராகப் போங்கள். பெரிய பைகளை வாங்கிக்கொண்டு சில மணி நேரம் கழித்துத்தான் அறைக்கு அனுப்புவார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள், மாற்றுத்துணி, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். இலங்கைக்குப் போகும் பயணத்துக்குப் பாஸ்போர்ட் கட்டாயம், அது காலாவதியாக ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். இந்தியத் துறைமுகங்களுக்குள்ளேயே போய் வரும் பயணம் என்றால் ஆதார் போன்ற அடையாள அட்டை போதும். கட்டுச்சோறு, புளியோதரை மூட்டை, ஊறுகாய்ப் பானை எதையும் பொதுவாக ஏற்ற விடமாட்டார்கள்.

கப்பல் நகர்வதற்குள் அவசரகாலப் பயிற்சி ஒன்று உண்டு. ஏழு குட்டை ஒலி, ஒரு நீண்ட ஒலி. அது கேட்டால் உங்களுக்குச் சொல்லப்பட்ட இடத்தில் போய்க் கூட வேண்டும். பலர் சிரித்துக்கொண்டும் செல்பி எடுத்துக்கொண்டும் நின்றார்கள். 2012-ல் இத்தாலிக் கரையோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்றைக்குத்தான் ஏறியிருந்த பல பயணிகளுக்கு அந்தப் பயிற்சி அதுவரை நடக்கவேயில்லை. அதன் பிறகுதான் கிளம்புவதற்கு முன்னாலேயே நடத்த வேண்டும் என்று விதி மாறியது. உங்கள் அறையிலிருந்து அந்த இடத்துக்கு லிஃப்ட் இல்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள்.

கப்பலில் காசு செல்லாது. அறைச்சாவி அட்டைதான் பணமும். முன்பணம் கட்டி, கடைசியில் கணக்கு முடிப்பார்கள். சாப்பாடு கட்டணத்தில் சேர்ந்தது. வடநாட்டுச் சமையல் தூக்கலாக இருந்தாலும் காலையில் இட்லி கிடைத்தது. ரசத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். குளிர்பானம், மது, இணையம், கரையில் சுற்றிப் பார்க்கும் வண்டி எல்லாம் தனிக் காசு. கப்பல் டாக்டரைப் பார்த்தாலும் தனிக் காசு. சூதாட்டக் கூடம் ஒன்று உண்டு. உள்ளே போகாமல் கடந்து போவதற்குச் செலவு இல்லை.

கட்டணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பதிவு செய்து கொடுத்த ஏஜென்ட் சொன்ன தொகை ஒன்று, கடைசியில் கட்டியது வேறு. துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி, விசாச் செலவு என்று ஒவ்வொன்றாக வந்தது. முதல் தொலைபேசியிலேயே ‘எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்குக் கடைசித் தொகை எவ்வளவு, எழுதி அனுப்புங்கள்’ என்று கேட்டுவிடுங்கள். எங்கள் இருவருக்கும் ஆன மொத்தச் செலவு, நல்ல கறவையில் உள்ள ஒரு கலப்பினப் பசுவின் விலையைத் தாண்டியது. கடன் வாங்கியோ, நகையை வைத்தோ போகிற பயணம் இது அல்ல. மகன் சம்பாத்தியத்தில், மனமுவந்து அனுப்புகிறான் என்றால் போய் வாருங்கள்.

மாடு விஷயம். கரையை விட்டு விலகி ஒன்றிரண்டு மணி நேரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும். அதன் பிறகு செல்போனை விமானப் பயண நிலையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டு பில் ஏறும். செல்போனில் அடித்துப் பம்புசெட்டை ஓட்டுகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். நடுக்கடலில் இருந்து மோட்டாரை நிறுத்த முடியாது. பால் கறக்க, தண்ணீர் கட்ட ஆளை ஏற்பாடு செய்து, கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் அவரையே செய்யவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். சினை மாடு ஈனும் தேதி அந்த வாரத்தில் வருகிறது என்றால் பயணத் தேதியை மாற்றுவதே மேல்.

கடலிலேயே கழிந்த அந்த முழு நாள்தான் எனக்கு அதிகம் பிடித்தது. ஆட்டம் பாட்டம் எல்லாம் நடந்தது. நாங்கள் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். என் மனைவி பகல் பதினோரு மணிக்குத் தூங்கினார். இருபத்தெட்டு வருடத்தில் காய்ச்சல் இல்லாத நாளில் அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. குடிக்கும் தண்ணீரைக் கடல்நீரிலிருந்தே காய்ச்சியும் வடிகட்டியும் கப்பலிலேயே தயாரிக்கிறார்கள் என்று பணியாளர் ஒருவர் சொன்னார். உப்புத் தண்ணீர்க் கிணற்றோடு மல்லுக்கட்டும் எங்கள் ஒன்றியத்து விவசாயிகள் அப்போது நினைவுக்கு வந்தார்கள்.

மேல்தளத்தில் விடிகாலை ஐந்து மணிக்கு நடக்கிறவர் எப்படியும் விவசாயியாகத்தான் இருப்பார் என்று நினைத்தேன், அப்படித்தான் ஆயிற்று. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர். மருமகன் அழைத்து வந்திருக்கிறார். மேகத்தைப் பார்த்து, “இது பெய்யற மேகம் இல்லீங்க” என்றார். அம்பாந்தோட்டையில் இறங்கியதும் நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வேனில் போனோம்.

அம்பாந்தோட்டை உப்பளங்கள் உள்ள வறண்ட பகுதி. உள்ளே போகப்போக ஏரிப் பாசனத்தில் நெல். திஸ்ஸமகாராமைப் பக்கம் சாலையோரக் கடைகளில் மண்சட்டி மண்சட்டியாக எருமைத்தயிர் அடுக்கியிருக்கிறார்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கெட்டி. அதன் மேல் கித்துள் பாணி ஊற்றித் தருகிறார்கள். நாம் கூந்தல்பனை என்று சொல்லும் மரத்தின் பதநீரைக் காய்ச்சிய பாகு அது. அந்தச் சட்டியே விளம்பரம், சட்டிக்கும் சேர்த்துத்தான் விலை. எருமையை ஒழித்துவிட்டுப் பாக்கெட் தயிர் வாங்கும் நம் ஊர்களில், சாலையோரத்தில் இப்படி நாலு கடை போட்டால் ஓடாதா? கறவை எருமை வைத்திருக்கும் மகளிர் குழுக்கள் யோசிக்கலாம்.

வழியில் இளநீர் குடித்தோம். செவ்விளநீர். அங்கே தம்பிலி என்கிறார்கள். நிறமே தனி அழகு. பெரியவர் இரண்டு காய் குடித்தார். பிறகு கடைக்காரரின் வீட்டுப் பின்புறம் போய்விட்டு, முளைவிட்ட நெற்று இரண்டைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க சார், ரெண்டே ரெண்டு நாத்துதானுங்க. தோப்பு வாசல்ல வச்சா எப்படி இருக்கும்!”

“ஐயா, இதைக் கொண்டுபோகக் கூடாதுங்க.”

“துணிக்குள்ள இருந்தா யாருக்குங்க தெரியும்?”

“யாருக்குத் தெரியுதுங்கறது இல்லீங்க ஐயா. உள்ளே என்ன இருக்குதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

வேனிலேயே அவரிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாவட்டம் மாத்தறை. அங்கே வெலிகம என்ற ஊர்ப் பக்கம் 2006 வாக்கில் தென்னையில் ஓர் இலை வாடல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது. நம் கேரளத்து வேர் வாடல் நோய்க்கு உறவு. மருந்து கிடையாது. மரத்தை வெட்டி அகற்றுவதுதான் வழி. கேரள வேர் வாடலே பொள்ளாச்சியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் நுழைந்து தோப்புகளைத் தின்றுகொண்டிருக்கிறது. அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டுமா?

2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டதை இந்த இதழின் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று ஏறியது. மல்பெரித் தோட்டத்தைப் பிடுங்கி எறிந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம்தான் முதலில் தெரிந்தது. மத்திய அமெரிக்கப் பூச்சி அது. கருகிய கரும்பூசணம் படிந்த ஓலையைக் கழுவிக் கழுவித் தண்ணீர் செலவழித்தவர்களில் இந்தப் பெரியவரும் ஒருவர். இவை யார் கையில், எந்தப் பையில் வந்தன என்று இன்றைக்கும் யாரும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. பூச்சி முட்டைக்கும் நோய்க் கிருமிக்கும் பாஸ்போர்ட் கேட்கிறவர் இல்லை. ஆனால் செடிக்குக் கேட்பார்கள். 2003-ம் வருடத்துப் பயிர்த் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் பயிர்நலச் சான்றும் இல்லாமல் விதை, நாற்று, கிழங்கு, ஒட்டுக்குச்சி எதையும் கொண்டுவரக்கூடாது. கப்பலில் வந்தாலும் விமானத்தில் வந்தாலும் இதே சட்டம்தான்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘வெள்ளை ஈ’ என்றதும் அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். “அப்ப நம்ம ஊர்ல இந்த நிறத்துல கிடைக்காதுங்களா?” என்று கேட்டார். சாவக்காடு ஆரஞ்சு குட்டை ரகம் இளநீருக்கென்றே உள்ளது, ஏறக்குறைய இதே நிறம், ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள், உங்கள் தோப்பிலிருந்து பக்கம்தான் என்றேன். துறைமுக வாசலில் அந்தப் பையை வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டார். டிரைவருக்குச் சந்தோஷம். பெரியவர் மறுபடி பேசத் தொடங்கத் திருகோணமலை வரை ஆயிற்று.

திருகோணமலையில் நேரம் போதவில்லை. பாறை உச்சியில் கோணேசர் கோயில், கீழே நேர்செங்குத்தாகக் கடல். துறைமுகம் இயற்கையாகவே ஆழமானது. பெரிய கப்பல் பக்கத்தில் வந்து நிற்கும். ஆழம் போதாத ஊர்களில் கப்பல் கடலிலேயே நங்கூரம் போட, சிறு படகில் மாறி இறங்க வேண்டியிருக்கும். மூட்டு வலிக்காரர்கள் பதிவு செய்யும்போதே ‘எந்தெந்த ஊரில் படகு மாற வேண்டும்?’ என்று கேளுங்கள். அலை அதிகம் என்றால் அந்த ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடவும் கூடும். எல்லா ஊரும் பார்ப்போம் என்று உறுதி எடுத்துக்கொண்டு ஏறாதீர்கள்.

காங்கேசன்துறையில் இறங்கியதும் செம்மண். ஆறு இல்லாத ஊர். சுண்ணாம்புப் பாறைக்கு மேல் செம்மண், பாறைக்குள் மழைநீர், அதில் கிணறு, கிணற்றை நம்பி வெங்காயம், மிளகாய், புகையிலை, பனை. வேலி வரை பயிர். சின்ன வெங்காயத்துக்குப் பெயர் வாங்கிய பெரம்பலூரில் வேலை பார்க்கிறவன் நான். அங்கே சின்னச் சின்னத் துண்டு நிலத்தில் பாத்தி கட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். வரப்பில் நின்றிருந்த விவசாயி பேச்சுக் கொடுத்தார். 2021-ல் அந்த நாட்டில் ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள் அல்லவா, அதைப் பற்றித்தான் கேட்டேன். “மெல்ல மெல்லக் குறைச்சிருந்தால் நாங்களும் பழகியிருப்பம் ஐயா. ஒரு நாளிலை நிப்பாட்டினால் மண்ணுக்கு விளங்குமோ?” என்றார். அந்த வருட நவம்பரில் அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. இயற்கை விவசாயத்துக்கு மாற விரும்புகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதை, அந்த மனிதர் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

மேலும் பேச ஆசைதான். கப்பல் நிற்காது. கப்பல் கம்பெனியே ஏற்பாடு செய்யும் வண்டியில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள். தனியாக வண்டி பிடித்துப் போனால் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே திரும்பிவிட வேண்டும். விட்டுப் போன கப்பலை அடுத்த ஊரில்தான் பிடிக்க முடியும், அந்தச் செலவு உங்களுடையது.

கப்பலின் வழித்தடம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. நாங்கள் போன வழியே உங்களுக்கும் கிடைக்கும் என்று இல்லை. கொச்சி, லட்சத்தீவு, மும்பை வழியும் உண்டு. பதிவு செய்யும்போது எந்தக் கப்பல், எத்தனை இரவு, எந்தெந்த ஊர், விசா விதி அன்றைக்கு என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். கர்ப்பிணிகள் 24 வாரம் தாண்டியிருந்தால் பொதுவாக ஏற்றமாட்டார்கள். குளிர்சாதனம் ஓயாமல் ஓடும், ஆளுக்கு ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ வையுங்கள். வழுக்காத ரப்பர் செருப்பு அவசியம்.

ஆட்டமும் பாட்டமும் வேண்டாம், யாழ்ப்பாணம் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அறை கிடையாது, உட்கார்ந்து போகும் இருக்கைதான். சில மணி நேரத்தில் கரை. இதற்கும் பாஸ்போர்ட் வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் கடலைப் பொறுத்து நிறுத்திவிடுவார்கள். நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறுவதற்கு முந்தின நாள், மறுநாள் கப்பல் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.